வேலைக்குப் புறப்படும் முன்: பெயர், கடிதம், உடை குறித்துத் தோட்டப்புற நகரத்து இளையோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரப்பர் தோட்டத்தில் மரம் சீவுகிறவர்கள் விடியற்காலையில் கத்தி தீட்டிக்கொண்டிருப்பதில்லை. முதல் நாள் மாலையே கத்தி தீட்டப்பட்டிருக்கும், வாளிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும், மறுநாள் போட வேண்டிய சட்டை கொடியிலிருந்து எடுக்கப்பட்டு மடித்து வைக்கப்பட்டிருக்கும். விடியலை ஒட்டிய குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே பெரட்டு என்னும் விடியற்கால ஆள்கணக்கெடுப்புக்குத் தாமதமாக வந்தவருக்கு அன்றைய வருமானமே குறைந்துபோகும் என்பதைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருந்தது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்து ஓய்வுபெற்ற நான், இப்போது நகரத்தை ஒட்டிய தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி ஒன்றில் குடியிருக்கிறேன். இடைநிலைப்பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்பிஎம் தேர்வை முடித்தவர்களும் டிப்ளோமா பெற்றவர்களும் விண்ணப்பக் கடிதத்தைப் பார்த்துத் தரும்படி கேட்டு அவ்வப்போது வீட்டுக்கு வருகிறார்கள். ஈப்போவிலோ கோலகங்சாரிலோ ஓர் அலுவலக வேலையைச் செய்யும் திறமை அவர்களில் பெரும்பாலோருக்கு உண்டு. அவர்களைத் தடுமாற வைப்பவை சிறிய காரியங்களே: அடையாள அட்டையில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறொரு பெயரும் இருப்பது, கடிதத்தில் எந்த வேலை என்று குறிப்பிட மறப்பது, நேர்முகத் தேர்வு நாளன்று காலையில் சட்டைப் பொத்தான் அறுந்திருப்பதைக் காண்பது. இவை அனைத்தும் முதல் நாள் மாலையிலோ அதற்கும் முன்பாகவோ முடித்து வைக்கக்கூடியவை. நான் அவர்களுக்கு எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கிறேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

படி 1: பெயரையும் தாள்களையும் ஒன்றோடொன்று பொருத்துதல்

இந்தப் படியைப் பலர் தாண்டிச் செல்வதால் இதற்கு அதிக இடம் கொடுக்கிறேன். உங்கள் பிறப்புப் பத்திரம், ஐசி என்னும் அடையாள அட்டை, எஸ்பிஎம் சான்றிதழ், பிற்காலத்தில் பெற்ற சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரு மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது நம் நாட்டில் ஒரே முறை இருந்ததில்லை. பிறப்பைப் பதிவுசெய்த அலுவலர் தம் காதில் விழுந்தபடி எழுதியதால், லெட்சுமி என்ற ஒரு பெயரே ஓரிடத்தில் ஐ என்னும் எழுத்தில் முடியும், மற்றோரிடத்தில் ஒய் என்னும் எழுத்தில் முடியும். முனியாண்டி, சுப்பிரமணியம் போன்ற பெயர்களில் இரட்டை எழுத்துகள் ஒரு தாளில் இருக்கும், அடுத்ததில் விடுபட்டிருக்கும்.

ஐசியில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா விண்ணப்பங்களிலும் எழுதுவது என்று முதலில் முடிவுசெய்யுங்கள். தந்தையின் பெயருக்கு முன், மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி என்று வரும் குறியும், இடைவெளியும், சாய்கோடும் உட்பட அப்படியே இருக்கட்டும். வேறு தாள் ஒன்றில் பெயர் மாறியிருந்தால், இரண்டு பெயர்களும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் செய்து வைத்துக்கொள்ளலாம்; ஐசியிலேயே பிழை இருந்தால் தேசியப் பதிவிலாகாவில் கேட்டுத் திருத்த வேண்டும். வேலை கிடைத்த பிறகு இதைத் தொடங்கினால், மனிதவளப் பிரிவின் கேள்விகளுக்கு நடுவே விடுப்புக் கேட்டு அலைய நேரும்.

இணைய விண்ணப்பங்களில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும்போது பலர் குழம்புகிறார்கள். நம் பெயரில் இருப்பது தந்தையின் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை. முதற்கட்டத்தில் உங்கள் பெயரையும் இரண்டாம் கட்டத்தில் தந்தையின் பெயரையும் எழுதுங்கள். எந்த நிறுவனத்துக்கு எழுதினாலும் அந்த ஒழுங்கை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் யாராவது தேடிப் பார்த்தாலும் ஒரே ஆளாகக் கிடைப்பீர்கள்.

ஐசி எண்ணைப் பன்னிரண்டு இலக்கங்களும் சரிதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அமைந்தவை. அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிப்பவை, பேராக்கில் பிறந்தவர்களுக்கு அது பெரும்பாலும் 08 ஆக இருக்கும். கடைசி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றைப்படை, பெண்களுக்கு இரட்டைப்படை. நானே இளவயதில் ஒரு விண்ணப்பத்தில் என் அடையாள எண்ணின் இரண்டு இலக்கங்களை இடம்மாற்றி எழுதிவிட்டு, பதில் வராமல் மூன்று மாதம் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு வேறு யாருக்கும் வர வேண்டாம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

பொருத்திப் பார்த்து முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளில் முழுப்பெயர், ஐசி எண், அஞ்சல் குறியீட்டுடன் கூடிய முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, படித்த பள்ளிகளும் ஆண்டுகளும், தேர்வு முடிவுகள், அவசரத்துக்குத் தொடர்புகொள்ளக்கூடிய ஒருவரின் பெயரும் எண்ணும் என எல்லாவற்றையும் தெளிவாக எழுதி வையுங்கள். சுங்கை சிப்புட்டில் இருப்பவர்கள் 31100 என்ற குறியீட்டை மறக்காமல் சேர்க்க வேண்டும். எந்தப் பாரம் நிரப்பினாலும் இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதினால் போதும், ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. மூலச் சான்றிதழ்களை ஒரு நெகிழிக் கோப்பிலும் நகல்களை மற்றொரு கோப்பிலும் பிரித்து வையுங்கள். கேட்டால் காட்டுவதற்கு மூலம், கொடுப்பதற்கு நகல். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

படி 2: கடிதம் எழுதுதல்

அரசாங்க அலுவலகத்துக்கும் பல உள்ளூர் நிறுவனங்களுக்கும் மலாயில்தான் எழுத வேண்டியிருக்கும். பள்ளியில் கற்ற அதிகாரபூர்வக் கடிதத்தின் அமைப்பே இன்றும் ஏற்கப்படுகிறது: மேலே உங்கள் முகவரி, அதன்கீழ் ஒரு கோடு, பெறுநரின் பதவியும் முகவரியும், தேதி, பிறகு ஐயா, அம்மா என்பவற்றுக்கு இணையான துவான் அல்லது புவான் என்னும் விளிப்பு, அதன்பின் தடித்த எழுத்தில் கடிதத்தின் தலைப்பு. முதல் பத்திக்கு எண் இடுவதில்லை. இரண்டாம் பத்தியிலிருந்து 2, 3 என்று எண் வரும். செக்கியான், தெரிமா காசே (இத்துடன் முடிக்கிறேன், நன்றி) என்று முடித்து, யாங் பெனார் (உண்மையுள்ள) என்பதன் கீழ்க் கையெழுத்தும் முழுப்பெயரும் இட வேண்டும். தலைப்பில் வேலையின் பெயரை விளம்பரத்தில் உள்ளபடியே எழுதுங்கள். கிராணி வேலைக்கு மலாயிலும் கெரானி என்றே சொல்கிறார்கள். நம் தோட்டத்துச் சொல்லும் அவர்களுடைய சொல்லும் ஒன்றாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது.

உங்களுக்கு மலாய் சரளமாக வராவிட்டால், முதலில் தமிழிலேயே மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கு, எங்கே கண்ட விளம்பரத்தை வைத்து விண்ணப்பிக்கிறேன்? அந்த வேலைக்குப் பயன்படக்கூடிய எதை நான் படித்திருக்கிறேன் அல்லது செய்திருக்கிறேன்? எப்போது நேரில் வரவும் வேலையைத் தொடங்கவும் என்னால் முடியும்? இந்த மூன்று பதில்களே கடிதத்தின் மூன்று பத்திகள். சிந்தனை தெளிவாக இருந்தால் மொழியைத் திருத்தித் தரப் பள்ளி ஆசிரியரோ தோழரோ கிடைப்பார்கள். சிந்தனையே கலங்கியிருந்தால் எவராலும் திருத்த இயலாது.

இரண்டாம் கேள்விக்கான பதிலில்தான் நம் பிள்ளைகள் தங்களைக் குறைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அனுபவம் இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். கோயில் திருவிழாவில் மூன்று நாள் அன்னதானக் கணக்கை எழுதியவர், மாமாவின் மளிகைக் கடையில் விடுமுறைதோறும் கல்லாவில் அமர்ந்தவர், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் பெயர்ப் பதிவைக் கவனித்தவர், இவர்கள் அனைவரும் பணத்தையும் தாளையும் பொறுப்பாகக் கையாண்டவர்கள்தாம். எங்கே, எத்தனை நாள், என்ன செய்தேன் என்று உண்மையை அளவோடு எழுதுங்கள். கடின உழைப்பாளி, நேர்மையானவர் என்னும் சொற்களை எல்லோரும் எழுதுவதால் அவற்றை விட்டுவிடலாம். 2 ஆண்டு விடுமுறைகளில் கடைக் கணக்கைப் பார்த்தேன் என்ற வரி அந்த இரண்டு குணங்களையும் தானே சொல்லிவிடும்.

மலாயில் எழுதும்போது பெறுநரை, நீ என்று பொருள்படும் அவாக், காமு என்னும் சொற்களால் குறிப்பிடக் கூடாது. கடிதம் முழுவதிலும் துவான் அல்லது புவான்தான். கோயிலுக்கோ பள்ளிக்கோ உதவி கேட்டு எழுதும் கடிதங்களில் பெறுநர் டத்தோ விருது பெற்றவராகவோ சட்டமன்ற உறுப்பினராகவோ இருந்தால், முன்னவருக்கு யாங் பெர்பஹாகியா, பின்னவருக்கு யாங் பெர்ஹோர்மாட் என்ற அடைமொழி உண்டு. அதை உறுதிப்படுத்திக்கொண்டு எழுதுவது மரியாதை.

எழுதி முடித்த கடிதத்தை அன்றே அனுப்பாதீர்கள். ஓர் இரவு கழித்து, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீண்டுவிட்டது என்று பொருள். நாக்கு தடுமாறும் இடத்தில் சொல் பொருந்தவில்லை என்று பொருள். கடைசியாகப் பெயர்கள், எண்கள், தேதிகள் ஆகியவற்றை மட்டும் தனியே ஒருமுறை விரல் வைத்துச் சரிபாருங்கள், ஏனெனில் வாக்கியத்தின் பொருளைப் படிக்கும் கண் எண்களைக் கவனிப்பதில்லை.

மின்னஞ்சலில் அனுப்பும்போது தலைப்பு வரியில் வேலையின் பெயரும் உங்கள் பெயரும் இருக்கட்டும். இணைக்கும் கோப்புக்கும் அதே பெயரை வையுங்கள்; எண்ணும் எழுத்துமாகக் கைப்பேசி தானாக வைக்கும் பெயரோடு அனுப்பினால், நூறு விண்ணப்பங்களுக்கு நடுவில் உங்களுடையதைத் தேடி எடுப்பது அந்த அலுவலருக்குச் சிரமம். சான்றிதழ்களைச் சாதாரணப் புகைப்படமாக எடுக்காமல், வருடி போல் செயல்படும் செயலியால் நேராகப் பதிவுசெய்து பிடிஎஃப் ஆக்குங்கள். விளையாட்டுப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பவர்கள், சொந்தப் பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடுவது நல்லது.

வாட்ஸ்அப் குறுஞ்செய்திக்கும் இதே ஒழுங்கு உண்டு. வணக்கம் என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல், யார், எதற்காக, என்ன வேண்டும் என்பவற்றை ஒரே செய்தியில் எழுதிவிடுங்கள். தமிழில் எழுதுவதானால் இவ்வாறு எழுதலாம்: “வணக்கம் ஐயா. கிராணி வேலைக்கு விண்ணப்பித்த நான் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். புதன்கிழமை காலை 10 மணி நேர்முகத் தேர்வுக்குக் கட்டாயம் வருகிறேன். மூலச் சான்றிதழ்களோடு வேறு ஏதேனும் கொண்டுவர வேண்டுமா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். நன்றி.” இதன்கீழ் முழுப்பெயர். மலாயில் எழுதும்போதும் இதே வரிசைதான். அலுவலக நேரத்தில் அனுப்புங்கள்; குரல்பதிவை முன்பின் அறியாதவருக்கு அனுப்பாதீர்கள்.

கோயில் நிர்வாகத்துக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ எழுதும்போது தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் என்னும் கணினித் தமிழ் எழுது மென்பொருளும், பின்னர் 2005-இல் கைப்பேசிக்கு வந்த செல்லினமும் இந்த நாட்டிலிருந்து உலகத் தமிழருக்குக் கிடைத்தவை. இன்று எந்தக் கைப்பேசியிலும் தமிழ் விசைமுகத்தைச் சில நிமிடங்களில் அமைத்துக்கொள்ளலாம். ரோமன் எழுத்தில் எழுதிய தமிழைப் பெரியவர்கள் சிரமப்பட்டு எழுத்துக்கூட்டிப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: உடையைத் தயார்செய்தல்

நல்ல உடைக்கு அதிகப் பணம் வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். உடல் அளவுக்குப் பொருந்திய, சுத்தமான, இஸ்திரி போட்ட ஒரு வெளிர்நிறச் சட்டையும் கருநிறச் சிலுவாரும் (காற்சட்டையும்) போதும். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலோ, பழைய துணி விற்கும் பண்டல் கடையிலோ குறைந்த விலைக்கு வாங்கினாலும், கழுத்துப்பட்டையைப் பூட்டிய பிறகு உள்ளே இரண்டு விரல்கள் நுழைகின்றனவா, தோள் தையல் தோள்முனையிலேயே நிற்கிறதா, முழுக்கை மணிக்கட்டு எலும்பைத் தொடுகிறதா என்று மூன்றையும் பாருங்கள். கை நீளமும் சிலுவார் நீளமும் தையல்காரரால் எளிதில் குறைக்கக்கூடியவை; தோள் அகலம் அப்படியல்ல, ஆகவே தோள் பொருந்தாத சட்டையை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

நம் வட்டாரத்துப் புழுக்கத்துக்குப் பருத்தியோ பருத்தி கலந்த துணியோதான் ஏற்றது. முழு பாலியஸ்டர் சட்டை வியர்வையை உறிஞ்சாது, நாற்றத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை மழைக்காலத்தில் துணி முழுதும் உலராமல் அலமாரிக்குள் போனால் கரும்புள்ளி விழுந்துவிடும். வெள்ளைச் சட்டையில் அது விழுந்தால் எளிதில் போகாது. நன்றாக உலர்ந்ததா என்பதைக் கழுத்துப்பட்டையையும் அக்குள் தையலையும் தொட்டுப் பார்த்து முடிவுசெய்யுங்கள், ஏனெனில் அவையே கடைசியாக உலரும். பாச்சை உருண்டை போட்ட அலமாரியில் இருந்த உடையை முதல் நாள் இரவே வெளியே எடுத்துக் காற்றாடத் தொங்கவிடுங்கள்.

கறைகளைப் பற்றி நம் வீடுகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் அது சிவந்துவிடும். அதைக் கண்டு பயந்து மேலும் தேய்க்காமல், அலசிவிட்டு நல்ல வெயிலில் காயப் போடுங்கள், மஞ்சளின் நிறம் ஒளியில் வெளிறக்கூடியது. செம்பனை எண்ணெய்க் கறைக்கு, துணியை நீரில் நனைக்கும் முன்பே பாத்திரம் கழுவும் சோப்பைக் கறைமேல் தடவி ஊறவிட்டு, பிறகு துவைத்து வெயிலில் போட வேண்டும்; அந்தச் செம்மஞ்சள் நிறமும் வெயிலில் குறையும். ரப்பர் பால் சட்டையில் தெறித்தால் ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த நீரில் அலசிவிட வேண்டும். உறைந்துவிட்டால் அதன்மேல் பனிக்கட்டியை வைத்து இறுகச்செய்து பெயர்த்தெடுக்கப் பார்க்கலாம், ஆனால் அதற்கு முழு உத்தரவாதம் இல்லை. இக்காரணத்தால்தான் பெற்றோர் தோட்ட வேலைக்குச் செல்லும் வீடுகளில், நேர்முகத் தேர்வுச் சட்டையைத் தோட்டத்து உடைகளோடு ஒரே வாளியில் ஊறவைக்கக் கூடாது என்கிறேன். அக்குளில் படிந்த மஞ்சளுக்குக் குளோரின் வெளுப்பானை ஊற்றினால் அது மேலும் மஞ்சளாகும்.

இஸ்திரி போடும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்தில் கரிப்பெட்டிதான் இருந்தது. அம்மா கஞ்சித் தண்ணீரில் முக்கி உலர்த்திய துணிமேல் நீர் தெளித்து, சுருட்டிச் சிறிது நேரம் வைத்திருந்துதான் தேய்ப்பார். மின்பெட்டி வந்த பிறகும் அந்த முறையே சரியானது, ஏனெனில் பருத்தியின் சுருக்கம் ஈரமும் சூடும் சேரும்போதுதான் நீங்கும். முதலில் கழுத்துப்பட்டையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேய்த்து, அடுத்துத் தோள்பகுதி, பிறகு மணிக்கட்டுப் பட்டைகள், கைகள், முன்பக்கங்கள், முதுகு என்று போங்கள். சிறிய பகுதிகளை முதலில் முடித்துவிட்டால் பெரிய பகுதிகள் மீண்டும் கசங்காது. துணியின் உட்சீட்டில் இஸ்திரிப்பெட்டிப் படத்துக்குள் புள்ளிகள் இருக்கும்: ஒரு புள்ளி 110 பாகை செல்சியஸ் வரை, இரண்டு 150 வரை, மூன்று 200 வரை. ஒரு புள்ளித் துணியில் சூடான பெட்டியை வைத்தால் பளபளப்பான தழும்பு விழுந்துவிடும்.

பெண்பிள்ளைகளில் சிலர் வேலையின் முதல் நாளன்று சேலை கட்டிச் செல்ல விரும்புகிறார்கள். அது மிகவும் அழகான முடிவு. ஆயினும் அதற்குமுன் குறைந்தது இரண்டு மாலைகளாவது கட்டிப் பழகியிருக்க வேண்டும். அன்று போடப்போகும் காலணியை அணிந்துகொண்டு கட்டினால்தான் கீழ்நீளம் சரியாக அமையும். கட்டியதும் நாற்காலியில் அமர்ந்து எழுந்து, படியேறி இறங்கிப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து செல்கிறவர்கள் முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொண்டு, அதன்மேல் ஒரு சட்டையைப் போட்டு மூடிக்கொள்ள வேண்டும். சக்கரத்திலோ சங்கிலியிலோ துணி சிக்குவது உயிருக்கே ஆபத்தாக முடியும், இதில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது. நாள்தோறும் பயணம் உள்ளவர்களுக்குப் பஞ்சாபி சூட்டோ நீண்ட சிலுவாரும் சட்டையுமோ வசதியானவை.

அரசாங்க அலுவலகங்களில் முகப்புக்கு வருபவர்களே அரைக்கால் சிலுவாரும் ஜப்பான் சிலிப்பரும் அணிந்தால் திருப்பி அனுப்பப்படுவது உண்டு. அங்கே வேலைக்குச் சேர்ந்தால் வியாழக்கிழமை பாத்திக் உடை அணியும் வழக்கம் இருக்கிறது. சப்பாத்தை, அதாவது காலணியை, வேலையின் முதல் நாளே புதிதாகப் போட்டுச் செல்லாதீர்கள். ஒரு வாரம் வீட்டிலும் கடைக்குப் போகும்போதும் அணிந்து காலுக்குப் பழக்குங்கள்.

படி 4: முதல் நாள் மாலை

மாலை ஆறு மணிக்கு உடையை முழுமையாக ஒருமுறை அணிந்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடிமுன் நில்லுங்கள். பொத்தான், தையல், பல்லிணை (ஜிப்), காலுறையின் துளை எனக் கண்ணில் பட்டதை அப்போதே சரிசெய்யலாம், கடைகளும் திறந்திருக்கும். கழற்றித் தொங்கவிட்டதும் பைக்குள் ஐசி, இரண்டு கோப்புகள், கறுப்பு மைப் பேனா இரண்டு, விவரத் தாள், சிறிய குறிப்பேடு, கைக்குட்டை, குடை அல்லது மழைச்சட்டை, சில்லறை ரிங்கிட் நோட்டுகள் ஆகியவற்றை வைத்து, பையை வாசலருகில் வையுங்கள். கோப்புகளை நெகிழி உறை ஒன்றில் சுற்றுவது அவசியம். மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் மழை பிடித்தால் ஆள் நனைந்தாலும் தாள் நனையக் கூடாது.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தூரம் குறைவு என்று நம்பி நேரத்தைக் குறைத்துக் கணக்கிட்டுவிடாதீர்கள். முடிந்தால் ஒருநாள் முன்பாக அதே நேரத்தில் அதே வழியில் சென்று, கட்டடத்தின் நுழைவாயிலையும் வண்டி நிறுத்துமிடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பேருந்தில் போகிறவர்கள், தாங்கள் நம்பியிருக்கும் வண்டிக்கு முந்திய வண்டியில் ஏற வேண்டும்.

படி 5: காலையில்

முதல் நாள் மாலையை ஒழுங்காகச் செலவிட்டவருக்குக் காலையில் செய்ய அதிகம் இருக்காது. குளித்து, சாமி கும்பிட்டு, பழைய சட்டையோடு பசியாறிவிட்டுப் பிறகு உடை மாற்றிக்கொள்ளுங்கள். சாம்பாரும் சம்பலும் வெள்ளைச் சட்டையைத் தேடி வரும் என்று அம்மா சொல்வது உண்மைதான். வீட்டைவிட்டு இறங்கும்முன் பெரியவர்களிடம், போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புங்கள்.

படி 6: வேலை கிடைத்தபின் முதல் மாதம்

பணிநியமனக் கடிதத்தைக் கையெழுத்திடும்முன் வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்க அனுமதி கேட்பதில் தவறில்லை. சம்பளம், வேலை நேரம், தகுதிகாண் காலம், விலகுவதற்கான முன்னறிவிப்பு ஆகிய நான்கையும் தேடிப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் முதல் நாடு முழுவதும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்களின்படி, 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை நேரத்தின் உச்சவரம்பு. ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

குறிப்பேட்டைப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு முதல் வாரமே சரியான காலம். மேலாளர் ஒரு வேலையைச் சொல்லும்போது என்ன வேலை, யாரிடம் கொடுக்க வேண்டும், எப்போதைக்குள் என்ற மூன்றையும் எழுதி, எழுதியதை அவரிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். தோட்டத்தில் பெரட்டின்போது மேற்பார்வை செய்யும் மண்டோர் சொன்ன மர நிரையின் எண்ணைத் தொழிலாளர் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். தவறான நிரைக்குப் போய்ச் சீவிய பிறகு யாரைக் குறைசொல்லியும் பயன் இல்லை. வேலையில் பிழை நேர்ந்துவிட்டால் அதை அன்றே, நீங்களே, திருத்துவதற்கான வழியோடு போய்ச் சொல்லுங்கள்.

உடல்நலம் சரியில்லாத நாளில், வேலை தொடங்கும்முன் மேற்பார்வையாளரை அழைத்துப் பேசி, பிறகு மருத்துவச் சான்றை அனுப்புங்கள். நோய்விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால், சான்று கையில் இருந்தாலும் அனுமதியின்றி வராதவராகவே சட்டம் கருதும். இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய நோய்விடுப்பு உண்டு.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் பிடித்தங்களைக் கவனித்துப் பாருங்கள். மாதம் 1,700 ரிங்கிட் பெறுகிறவரிடம் ஊழியர் சேமநிதிக்காக 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் பிடிக்கப்படும். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, 221 ரிங்கிட் கட்ட வேண்டும். சீட்டில் பிடித்தம் இருப்பதாலேயே பணம் கட்டப்பட்டதாக எண்ணிவிடாமல், சேமநிதியின் இணையக் கணக்கைத் திறந்து பதிவாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கான பிடித்தமும் இருக்க வேண்டும். வேலையிடத்தில் நேரும் விபத்துக்கு மட்டுமன்றி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்துக்கும் அது பாதுகாப்பு அளிக்கிறது. வழியில் சொந்தக் காரியத்துக்காக வேறு பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம் என்பதால், மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சம்பளச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும், சான்றிதழ்கள் இருக்கும் அதே கோப்பின் பின்பகுதியில் மாத வரிசையில் சேர்த்து வாருங்கள். வீட்டுக் கடனுக்கோ அடுத்த வேலைக்கோ தாள் கேட்கப்படும் நாளில், அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னால் அவரே எடுத்துத் தரும்படி அந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது தெரிவித்துவிடுங்கள்.